மில் வீட்டில் செத்துப்போன தனம்

பழைய ரைஸ் மில்லை வாங்கி வீடாக மாற்றுகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது தவிட்டு வாசனையை. சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினாலும் ஒரு மழை பெய்தால் திரும்ப வந்துவிடும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அந்த மோரைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பெருங்காயம் போட்டிருக்கிறேன், வேறு எதுவும் போடவில்லை.

நீங்கள் கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

என் கணவர் செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். எந்த பிளாக்கில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சமையலறை அதே மூலையில்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ரசம் நம் வீட்டுக் கூடத்தில் மணக்கும். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றபோது பாதிப் பேர் அழுதார்கள். நான் அழவில்லை. யாருடைய வீட்டைப் போலவும் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் முத்தாண்டிக்குப்பத்தில் இந்த மில் கிடைத்தது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. முன்பக்கம் அரவை நடந்த பெரிய கொட்டகை, பின்பக்கம் முதலாளி குடும்பம் இருந்த நாலு அறை. கொட்டகைதான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹால். நெல் ஊறவைத்த தொட்டியில் அல்லி விட்டிருக்கிறேன். களத்தில் பாதியைப் பெயர்த்துத் தோட்டமாக்கினேன். எஞ்சினை மட்டும் விற்க விடவில்லை அவர். கன்வேயரோடு வாழ்ந்த மனிதர், வீட்டிலும் ஏதாவது சுற்ற வேண்டும்.

அந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ளத்தான் மருதமுத்து வந்தார். மில் ஓடிய காலத்தில் அதை ஓட்டியவர். எழுபதைத் தாண்டியிருந்தார். வருகிறபோதெல்லாம் தோளில் ஒரு பலாப்பழம் இருக்கும். வேண்டாம் என்றால் வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் அவருக்கு எப்போதும் டம்ளரில்தான் காபி கொடுத்தேன், பேப்பர் கப்பில் அல்ல. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மைன்ஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். இவர் எஞ்சினை ஓட்டிக் காட்டுவார், நான் வடை சுடுவேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் நாத்தனார் கமலாதான் வந்தால் போகமாட்டாள். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வெள்ளிக்கிழமையே வந்துவிடுவாள். நான் தைத்துப் போட்ட திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டுத் தன் திரைச்சீலைகளை மாட்டினாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் சொன்னாள்.

"இவ்ளோ பெரிய வூட்ல நீங்க ரெண்டே பேரு. நாங்க வடக்குத்து வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துடறோம். அந்தக் கிழக்கு ரூம் போதும் எங்களுக்கு."

கிழக்கு அறை என் அறை. இவர் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டு, "வாயேன்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சண்டை போடுகிறவள் இல்லை. அன்று மாலை கமலா எஞ்சின் அறைக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏன் அண்ணி, இங்க மட்டும் தரையில தனியா சிமெண்ட் பூசியிருக்கு?" என்று கேட்டாள். எலி வளை இருந்தது, அடைத்தோம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். வேறு ஒன்று வந்தது.

"ஒன்னுமில்ல. ஒரு பொண்ணு. பெல்ட்ல முந்தானை மாட்டிக்கிச்சாம். வெளிய தெரியாம இங்கயே முடிச்சிட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"மருதமுத்துதான். அவருதான அப்ப எஞ்சின் ஓட்டினாரு."

"பேரு இன்னா அந்தப் பொண்ணுக்கு?"

பேர் இல்லாமல் யார் பயப்படுவார்கள்? தனம் என்று சொன்னேன். சட்டென்று வாயில் வந்த பேர், அவ்வளவுதான்.

கமலா இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள். திரைச்சீலைகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் சொல்லிப் பரவியிருக்க வேண்டும், அடுத்த ஞாயிறு நண்பர்களும் வரவில்லை. நானும் இவரும் மட்டும் களத்தோரம் உட்கார்ந்து டீ குடித்தோம். முந்திரிப் பூ வாசனை வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு தனம் இருந்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மில்லில் தவிடு புடைக்க வந்த பெண். முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லையாம். இதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? பேர் பொருந்தியது தற்செயல். மீதியைப் பால்காரரும் டீக்கடையும் பார்த்துக்கொண்டார்கள்.

அவளுடைய தம்பி சாமிக்கண்ணு, மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், நேராக மருதமுத்துவின் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்.

"எங்கக்காவ இன்னா பண்ண? ஊரே சொல்லிக்கினு இருக்குது. நீதான் உன் வாயால சொன்னியாமே."

"அவ உசுரோடதான் இருக்கறா சாமிக்கண்ணு. அதுக்கு மேல கேக்காத" என்று சொல்லியிருக்கிறார் மருதமுத்து. எங்கே இருக்கிறாள் என்றால் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு பதிலைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் அவர் பக்கம்.

கமலா போன் செய்தாள். "அண்ணி, அப்படி ஒன்னுமே நடக்கலையாமே. நாங்க பொங்கலுக்கு வந்துடறோம். வந்தா அப்படியே தங்கிடலாம்னு இருக்கோம்."

மறுநாள் குள்ளஞ்சாவடி சந்தைக்குப் போனபோது கொஞ்சம் வளையல் வாங்கினேன். பச்சைக் கண்ணாடி வளையல், ஓரத்தில் ஜிகினா. வீட்டுக்கு வந்து துணியில் சுற்றி அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டினேன். எஞ்சின் அறைக்குப் பின்னால் மண்ணில் புதைத்து, நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில் மல்லிகை வைக்கலாம் என்று இவரிடம் சொன்னேன். குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

உங்கள் ஆட்கள் வந்து தோண்டியதை நீங்களே பார்த்தீர்கள். குழியோடும் சிமெண்ட் பூசிய இடத்தோடும் நிற்காமல் ஹாலுக்குள்ளும் வந்து, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்புத் தரையைப் பெயர்த்தார்கள். வளையல் துண்டுகளைத் தவிர கிடைத்தது ஆட்டு எலும்பு. தரை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதைப் பற்றி நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை.

மருதமுத்துவை விசாரணைக்கு அழைத்துப் போனீர்கள். அனுப்பியும் விட்டீர்கள். ஆனால் டீக்கடையில் அவருக்கு டீ இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் மலர்விழியை மாமியார் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள், கொலைகாரன் பெண் வேண்டாம் என்று. அந்தச் சமயத்தில்தான் அவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் பலாப்பழம் இல்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"அம்மா, நான் உங்களாண்ட அப்படிச் சொன்னேனுங்களா?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"சொன்னீங்களே. இங்கதான் உக்காந்து காபி குடிச்சிக்கிட்டே சொன்னீங்க. வயசாச்சில்ல, ஞாபகம் இல்லபோல."

அவர் வழக்கமாகக் காபி குடிக்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு, "நான் சொன்னேங்களா" என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. நான் உள்ளே போய்க் காபி கலந்து வந்தபோது ஆளைக் காணோம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் ஒன்று சொன்னாராம். "எனக்குத் தெரியாமலே என் வாய் பேசுது பாப்பா. இனிமே இத்த நம்ப முடியாது." அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மலர்விழிக்கு இட்லி கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது.

பேச்சை நிறுத்துவதற்கு முன்பே அவர் என் கணவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது. தனம் மில்லுக்கு வந்துபோன லாரி டிரைவர் ஒருவரை விரும்பியிருக்கிறாள். வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார்கள். மருதமுத்துதான் அவளை அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மகளைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அதை மீறி இவரிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் ஓசூருக்குப் போய்த் தெருத்தெருவாக அலைந்து அவளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார். கன்வேயரில் ஒரு போல்ட் காணாமல் போனாலும் அப்படித்தான் தேடுவார்.

காரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இறங்கினாள். பேரக்குழந்தை இடுப்பில். "நான் செத்துட்டேன்னு சொன்னாங்க. எங்க செத்தேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். ஊரே சிரித்தது. சாமிக்கண்ணு மட்டும் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் அந்த வளையல் துண்டுகளைக் காட்டியபோது அவள் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தவிடு புடைக்கறவளுக்குக் கண்ணாடி வளையல் ஏதுங்க? ரப்பர் வளையல்தான் போடுவோம். இதுல ஜிகினா வேற. இது என் பேத்தி போடறது."

அப்போதுதான் என் கணவர் என்னைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள்.

இவர் இப்போது மருதமுத்து வீட்டில்தான் இருக்கிறார். ரெண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களாம், ஒருவரும் பேசுவதில்லையாம். கமலா இனி வரமாட்டாள். எஞ்சினும் ஓடுவதில்லை. வீடு நான் நினைத்த மாதிரியே ஆகிவிட்டது.

ஆமாம், கதையைச் சொன்னது நான். வளையலைப் புதைத்ததும் நான். அந்தக் கிழவரிடம் பொய் சொன்னதும் நான்தான். இதையெல்லாம் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள், மேடம். அந்த அம்மாள் நேராக மருதமுத்து வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் தனம் வந்திருக்கேன்" என்று எத்தனை தடவை சொன்னாள். அவர் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவள் நிஜமாகவே தனமாக இருந்தால், அவர் ஒரு வார்த்தையாவது பேசியிருக்க மாட்டாரா?