ரிலீவர் வராமல் இறங்க மாட்டேன்

ஒன்பதே ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியை நடத்திக் காட்டிய தலைமையாசிரியை, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் லூர்துமேரி டீச்சர் அவர்களே! சென்ற ஆகஸ்டில் என்னால் வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டு, இன்று அதே வாசல் வழியாகச் சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் கல்வி அலுவலர் ஜெயராமன் ஐயா அவர்களே! சிரிக்காதீர்கள் ஐயா, அந்தக் கதைக்கு வருகிறேன். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே! முந்திரிக் கொட்டை உடைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பைக்கைவிட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் பின்வரிசை அண்ணன்மாரே! பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த எவாஞ்சலின் என்னும் சிறியவளின் பணிவான வணக்கம்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் பள்ளி பிறந்தது. எங்கே பிறந்தது? முத்தாண்டிக்குப்பம் சாலையோரத்தில், ஆள் காலி செய்துவிட்டுப் போன குவார்ட்டர்ஸில் பிறந்தது! கூடம் எங்கள் வகுப்பறை. சமையலறை எங்கள் அறிவியல் ஆய்வகம். அமிலக் குப்பி வைத்திருக்கும் மேடையில் யாரோ ஒரு புண்ணியவதி தாளித்த சாம்பார்க் கறை இன்னும் அழியாமல் இருக்கிறது. குளியலறையில் பந்தும் ஸ்கிப்பிங் கயிறும். படுக்கையறைதான் தலைமையாசிரியர் அறை. அந்தப் படுக்கையறைக்குள் போன எவருக்கும் இதுவரை தூக்கம் வந்ததில்லை.

ஒன்பது பேர் என்றால் சும்மாவா? கோ-கோ ஆட ஒன்பது பேர் வேண்டும், இருந்தோம். ஓடுவதற்கு மூன்று பேர் வேண்டும், யார் ஓடுவது? எங்களுக்குப் பாடம் எடுக்கும் இரண்டு சாரும் ஓடினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லூர்துமேரி டீச்சரும் ஓடினார்கள்! இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட எங்களால் அவரைத் தொட முடியவில்லை. முதல் தேர்வில் ஒன்பதாவது ரேங்க் எடுத்தேன். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் அப்பா சேவியர்ராஜ், அந்தச் சந்தோஷத்தில் கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள்தான் ஒருவர், வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். நிமிர்ந்து உட்காருங்கள் அப்பா, எல்லாரும் மறந்திருந்தார்கள், நான்தான் நினைவூட்டிவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கு வாட்ச்மேன் இல்லை, பியூன் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. என்ன செய்வது? என் வகுப்புத் தோழன் கொளஞ்சிநாதன் ஒரு ஷிப்ட் சார்ட் எழுதினான். வாசலுக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், மணிக்கு ஒருவர். நடந்ததை எழுதி வைக்க ஒரு லாக் புக். சுரங்கத்தில் அப்பாக்கள் கடைப்பிடிக்கும் சட்டமே எங்களுக்கும் சட்டம்: அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. சின்னப் பள்ளிதான், ஆனால் சட்டம் பெரிய சட்டம்!

அந்தச் சட்டத்தில் மாட்டியவர்தான் மேடையில் இருக்கும் நம் ஐயா. அன்று பள்ளிக்கு அங்கீகாரம் தரலாமா கூடாதா என்று பார்க்க ஆபீசர் வருகிறார் என்றார்கள். அங்கீகாரம் இல்லையென்றால் எங்கள் பள்ளியின் பெயரில் நாங்கள் தேர்வு எழுத முடியாது. உள்ளே எல்லாரும் ரோஜாப்பூவோடும் டீயோடும் வரிசையாக நின்றார்கள். வாசலில் நான். ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து இறங்கினார். உள்ளே போகணும் என்றார். மைன்ஸ் பிள்ளை என்ன கேட்கும்? கேட் பாஸ் கேட்டேன்.

தான்தான் ஆபீசர் என்றார். எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க, பாஸ் காட்டுங்க என்றேன். உள்ளே போய்க் கேட்டு வா என்றார். போக முடியுமா? என் ரிலீவர் கொளஞ்சிநாதன் உள்ளே ரோஜாப்பூவோடு ஆபீசரை எதிர்பார்த்து நிற்கிறான்! நாற்பது நிமிடம். உள்ளே ஆபீசர் வரவில்லையே என்று அவர்கள் தவிக்க, வெளியே ஆபீசர் உள்ளே வர முடியாமல் தவிக்க, நடுவில் நான் கடமையே கண்ணாக நின்றேன். லாக் புக்கில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "10.10: ஒரு ஆள் வந்தார். பாஸ் இல்லை. 10.30: அந்த ஆள் தண்ணீர் கேட்டார். என் பாட்டில் கொடுக்கப்பட்டது. 10.50: அந்த ஆள் ஆபீசர் என்று தெரிய வந்தது."

டீச்சர் ஓடி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போச்சு, என்னால் ஒன்பது பேரின் படிப்பும் போச்சு என்று வாசலிலேயே அழுதுவிட்டேன். ஐயா லாக் புக்கை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மாலை போட்ட பள்ளிக்கூடம் நிறைய இருக்கும்மா. தன்னோட பள்ளிக்கூடம்னு நெனச்சி என்னை நிறுத்தினது இது ஒண்ணுதான்." அங்கீகாரம் வந்தது!

கைதட்டலை நிறுத்துங்கள். வந்த காகிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வருகிற ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேராவது சேர வேண்டும். சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று போன ஆண்டு யாருமே சேரவில்லை. ஆகவே ஆளுக்கொரு ரிலீவரைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். கொளஞ்சிநாதன் காடாம்புலியூரிலிருந்து மாமா பையனைக் கொண்டுவந்தான். சத்யா தன் தங்கையையே மடக்கினாள். எட்டுப் பேருக்கும் ரிலீவர் வந்தாயிற்று. எனக்கு மட்டும் வரவில்லை. இன்று மாலை பட்டியல் ஐயா கைக்குப் போகிறது.

என் ரிலீவர் யார்? எங்கள் தெரு அபி. அவள் அம்மா விருத்தாம்பாள் அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். வீடு தேடிப் போய்க் கேட்டேன். "ஒம்போது பேரு குந்திகினு இருக்கிறதுக்குப் பேரு பள்ளிக்கூடமா எவா? டவுன்ஷிப்ல ஆயிரக்கணக்குல படிக்கிதுங்க. எம்பொண்ணும் நாலு பேரப் பாத்து வளரட்டும்" என்றார்கள். தப்பே இல்லை அக்கா. பெற்றவள் பயப்படத்தான் செய்வாள். ஆனால் உங்களுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் பதினொரு நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் நின்றிருந்தது. கொட்டை உடைக்கப் போனேன். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துவிட்டது. இனிப் படிப்பு இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் ஒருத்தி குறைந்தால் தெரியுமா? எங்கள் பள்ளியில் தெரியும் அக்கா! ஒன்பதில் ஒருத்தி குறைந்தால் கூடமே காலியாகத் தெரியும்! பன்னிரண்டாம் நாள் எட்டுப் பேரும் சைக்கிளில் கொட்டை உடைக்கிற கொட்டகைக்கே வந்து நின்றார்கள். பின்னாலேயே டீச்சரின் ஸ்கூட்டி. டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். திட்டவில்லை. "ரிலீவர் வராம எப்படி எடத்த வுட்டுப் போன?" என்று மட்டும் கேட்டார்கள். இந்தக் கைதான் அக்கா, போன வாரம் கடைசித் தேர்வை எழுதியது.

அவையோரே! இது பள்ளியின் வாசல் சாவி. இது லாக் புக். இரண்டும் என் பொறுப்பில் இருக்கின்றன. சட்டம் எல்லாருக்கும் தெரியும். என் ரிலீவர் வராமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க மாட்டேன். சாப்பாடு ஆறட்டும், பந்தல்காரர் பந்தலைப் பிரிக்கட்டும், மைக் செட்டுக்காரர் மைக்கையும் எடுத்துக்கொண்டு போகட்டும், நான் நிற்பேன்!

என்ன அக்கா? எழுந்து நிற்கிறீர்களே, ஏதோ சொல்கிறீர்கள். கொஞ்சம் அமைதி... பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, மைக்கில் சொல்கிறேன். மகளைப் பார்த்துச் சொல்கிறார்கள்: "ஏறிப் போடி. அந்தப் பொண்ணு எம்மாநேரம் நின்னுகினே இருக்கும்?"

வா அபி. படி உயரம், பார்த்து ஏறு. ஐயா, பட்டியலில் ஒன்பதாவது பெயரை எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர், நீங்கள் அழக்கூடாது, கோ-கோவில் உங்களைத் தொடப்போகிறவள் இவள்தான். அபி, சாவியைப் பிடி. உன் முதல் வேலை என்ன தெரியுமா? ஐயா வெளியே போகும்போதும் பாஸ் கேட்க வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், பெண்ணைத் தந்த அந்தத் தாய்க்கும் ஒன்பது பேர் சார்பிலும் நன்றி. லாக் புக்கில் என் கடைசி வரியை உங்கள் முன் எழுதுகிறேன்: "6.20: ரிலீவர் வந்தாள். எவாஞ்சலின் இறங்கினாள்." வணக்கம்!