மேல்வீட்டில் விழுந்த மனு

மேல்வீட்டுக்காரர்: உங்க பேப்பர் சார்.

கீழ்வீட்டுக்காரர்: என்ன பேப்பர்?

மேல்வீட்டுக்காரர்: எங்க பிரிண்டர்ல வந்து விழுந்துச்சு. ஆறு காப்பி.

கீழ்வீட்டுக்காரர்: நான்... எதுவும் அனுப்பலையே.

மேல்வீட்டுக்காரர்: அடியில உங்க பேரு இருக்கு. புதுசா பிரிண்டர் வாங்கினீங்களே, பச்சை லைட் எரியுதா?

கீழ்வீட்டுக்காரர்: இருங்க பாக்கறேன்... இல்லையே.

மேல்வீட்டுக்காரர்: ஸ்விட்ச்?

கீழ்வீட்டுக்காரர்: ...போடலை.

மேல்வீட்டுக்காரர்: அதான். உங்க ஃபோன், பக்கத்துல எது முழிச்சிருக்குன்னு தேடியிருக்கு. உங்களது தூக்கம். நேர் மேல எங்களது முழிப்பு.

கீழ்வீட்டுக்காரர்: நடுவுல கான்கிரீட் இருக்கே! உங்க வைஃபை பாஸ்வேர்டு கூட எனக்குத் தெரியாது...

மேல்வீட்டுக்காரர்: தேவையில்லை. ரெண்டும் நேராவே பேசிக்கும். நம்மளை மாதிரி சங்கச் செயலாளர் வழியாப் போகாது.

கீழ்வீட்டுக்காரர்: ஃபோன்ல பிரிண்டர் பேரு சரியாத்தான் இருந்துச்சு...

மேல்வீட்டுக்காரர்: நான் வாங்கினதைப் பாத்துதானே அதையே வாங்கினீங்க. கடைசி ரெண்டு நம்பர்தான் வேற.

கீழ்வீட்டுக்காரர்: சரி, குடுங்க. சும்மா... சங்கத்துக்கு ஒரு மனு, தண்ணித் தொட்டி விஷயம்.

மேல்வீட்டுக்காரர்: ஆமாமா, தண்ணித் தொட்டி. ரெண்டாவது பத்தியில 'பூனை வாலை மிதிச்ச மாதிரி'ன்னு...

கீழ்வீட்டுக்காரர்: படிச்சீங்களா!

மேல்வீட்டுக்காரர்: கண்ணுல பட்டுச்சு. ஆறு தடவை.

கீழ்வீட்டுக்காரர்: தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்டம்மா வயலின் கத்துக்கறது நல்ல விஷயம். ஆனா எங்க வீட்டுல ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி. விடியக்காலம் வந்துதான் படுக்கறா. ஒரு மாசமா பொட்டுத் தூக்கம் இல்லை. நேத்து ஊசி போடறப்ப கை நடுங்கிடுச்சுன்னு அழறா. எனக்குத் தாங்கலை சார்.

மேல்வீட்டுக்காரர்: எங்க வீட்டுலயே நேரா சொல்லியிருக்கலாமே.

கீழ்வீட்டுக்காரர்: எப்படிச் சொல்ல? படியில பாத்தா, 'நேத்து எப்படி இருந்துச்சு?'ன்னு ஆசையா கேக்கறாங்க. நான்... 'பிரமாதம்'னுட்டேன்.

மேல்வீட்டுக்காரர்: அது நீங்கதானா? 'கீழ்வீட்டுல ரசிக்கறாங்க'ன்னுதான் ஒரு மணி நேரத்தை ரெண்டாக்கினா.

கீழ்வீட்டுக்காரர்: ஐயய்யோ.

மேல்வீட்டுக்காரர்: சொந்தச் செலவுல சூனியம்.

கீழ்வீட்டுக்காரர்: இதை அவங்க பாத்துட்டாங்களா?

மேல்வீட்டுக்காரர்: பக்கத்து ரூம்ல வாசிச்சுக்கிட்டு இருந்தா. அந்தச் சத்தத்துல பிரிண்டர் சத்தம் எங்க கேக்கும்?

கீழ்வீட்டுக்காரர்: நல்லவேளை. குடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்.

மேல்வீட்டுக்காரர்: கிழிக்காதீங்க. வயலின் ஆரம்பிக்கறது காலையில ஆறு மணின்னு போட்டிருக்கீங்க, தப்பு. அஞ்சே கால். பேனாவால திருத்தியிருக்கேன்.

கீழ்வீட்டுக்காரர்: திருத்தி...?

மேல்வீட்டுக்காரர்: பூனை வாலையும் அடிச்சுட்டேன். எண்ணெய் காணாத கதவுக் கீல்னு போட்டிருக்கேன். கிட்ட உக்காந்து கேட்டா அப்படித்தான் இருக்கு.

கீழ்வீட்டுக்காரர்: ஏன் சார், கண்டவன் ஃபோனையும் உங்க பிரிண்டர் சேத்துக்குமா?

மேல்வீட்டுக்காரர்: சேத்துக்கவான்னு கேட்டுச்சு. எங்க பொண்ணோட ஃபோன்னு நெனச்சு சரின்னு அமுக்கினேன். ரெண்டாவது காப்பியோட தாள் தீந்துடுச்சு.

கீழ்வீட்டுக்காரர்: ஆறு இருக்கே?

மேல்வீட்டுக்காரர்: தாள் வெச்சேன்.

கீழ்வீட்டுக்காரர்: ...இதென்ன சார், எல்லாத்துலயும் என் பேருக்குக் கீழே ஒரு கிறுக்கல்?

மேல்வீட்டுக்காரர்: என் கையெழுத்து. வயலின் வாங்கிக் குடுத்ததே நான்தான், என் வாயால எப்படிச் சொல்ல... யாருதுன்னு அவ கேட்டா, நாலாவது மாடின்னு சொல்லிடுங்க.