முன்பக்கக் கம்பி

இந்த வண்டிகளைப் பொம்மை என்று எழுதாதீர்கள், ஐயா. காலையிலிருந்து நான்கு முறை அப்படிச் சொல்லிவிட்டீர்கள். பெட்ரோலில் ஓடுகிற பதினைந்து கிலோ லாரி அது. நேர்ப்பாதையில் எழுபது கிலோமீட்டர் வேகம் போகும். ரிமோட்டில் ஓட்டினால் பொம்மையாகிவிடுமா?

எங்கள் சங்கத்தில் முப்பது பேர். எல்லோருக்கும் ஓட்டத் தெரியும், ஸ்பேனர் பிடிக்கத்தான் வராது. ஷாக், ஸ்பிரிங், ஸ்வே பார் எல்லாம் என் மேசைக்கே வரும். ஸ்வே பார் என்றால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற வளைந்த கம்பி. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பார்த்துக்கொள்ளும். முன்னால் அளவுக்கு மீறித் தடித்த கம்பியைப் போட்டால் முன்சக்கரங்கள் பிடி விட்டுவிடும். நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போகும்.

என்னிடம் வந்த ஒவ்வொரு வண்டியிலும் பின்கம்பியின் ஒரு பக்கத்தை மட்டும் அரைச் சுற்று கூடுதலாக முறுக்கித்தான் அனுப்புவேன். பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் அழகாகத் திரும்பும், வலப்பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அடுத்த வாரமே என்னைத் தேடி வருவார்கள். பதினோரு வருடமாகக் கோப்பை என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் ஆளாளுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். எனக்கு அது போதும்.

பல் டாக்டர் எங்கள் சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தங்கமான மனிதர், மனதாரச் சொல்வேன். நேற்றுக் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி பேசினார்.

"அண்ணே, சும்மா ஒரு ஆறு வண்டியக் கழட்டிப் பாத்தேன். ஆறுலயும் பின்கம்பி ஒரே பக்கம், ஒரே அளவு முறுக்கியிருக்கு. கை தவறுன மாதிரி தெரியலையே."

"தேய்மானமா இருக்கும், டாக்டர்."

"இருக்கலாம். சாயங்காலம் பரிசு குடுக்கறப்ப எல்லாரும் இருப்பாங்கல்ல? எல்லா வண்டியையும் வச்சுப் பாத்துரலாம்."

பயந்துவிட்டேன், ஐயா. முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்க்கிற பார்வை அப்போதே கண்ணுக்குள் வந்துவிட்டது. யாரோ ஒருவன் சிரிப்பான் என்றும் தோன்றியது. அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஓட்டத்தில் ஓட்டியவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு வளைவுகளில் நிற்கவேண்டும். கவிழ்ந்த வண்டியை ஓடிப்போய் நிமிர்த்துவது அவர்கள் வேலை. யார் எங்கே நிற்பது என்று பட்டியல் போடுவது நான்தான். டாக்டரை மூன்றாம் வளைவில் போட்டேன். நேர்ப்பாதை முடிகிற இடம் அது.

இரண்டாம் ஓட்டத்தில் நானும் மாமாவும். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர் தன் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார், அத்தனை நம்பிக்கை என்மேல். சேறு துடைக்கிற சாக்கில் அவர் வண்டியின் முன்கம்பியைக் கழற்றிவிட்டு, என் பெட்டியில் இருந்ததிலேயே தடித்ததை மாட்டினேன். திருகுகளைச் சரியாகத்தான் முடுக்கினேன்.

முதல் வளைவிலேயே மாமா தடுமாறினார்.

"மச்சான், திரும்பவே மாட்டேங்குதே."

"டயர் இன்னும் சூடாகல மாமா. நேர்ப்பாதையில நல்லா அமுக்குங்க, சரியாயிரும்."

அமுக்கினார். முன்னால் போன என் வண்டியை மூன்றாம் வளைவில் நானே வெடுக்கென்று திருப்பிக் கவிழ்த்தேன். டாக்டர் ஓடிவந்து, நேர்ப்பாதைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். மற்றவர்கள் ஒரு கையால் புரட்டிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் வண்டியாயிற்றே, கீறல் படக்கூடாது என்று அவர் இரண்டு கையாலும் தூக்கினார். அதனால் ஒன்றிரண்டு நொடி கூடுதலாக அங்கேயே இருந்தார். மாமாவின் வண்டி திரும்பாமல் நேரே வந்து அவர்மேல் மோதியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மாமா பக்கத்து அறையில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார், தான்தான் கொன்றுவிட்டதாக. இல்லை. கொன்றது நான். மாமாவின் அழுகையைத் தாங்கமுடியாமல்தான் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாளை ஆள் வரவழைத்து முப்பது வண்டிகளையும் பிரித்துப் பார்க்கப்போவதாகச் சற்றுமுன் யாரிடமோ போனில் சொன்னீர்கள். இனி அதற்கு என்ன அவசியம்? மாமாவின் வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி இருக்கிறது, என் கைரேகை இருக்கிறது, காட்டுகிற இடத்தில் கையெழுத்தும் போடுகிறேன். மற்ற வண்டிகளைத் தொடாதீர்கள், ஐயா. உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அது வெளியே வந்தால் நான் எப்படி அவர்கள் முகத்தில் விழிப்பேன்?