பேராச்சி வீட்டு வரி

— வாசல்ல நின்னு பேசுத பேச்சாட்டி இது? உள்ள வா.

— இல்ல மாமா, இங்கனயே நிக்கேன். வரிய வாங்கிட்டியன்னா போயிருவேன்.

— அதாம் சொல்லிட்டேம்லா பேராச்சி. உன் வீட்டு வரி நம்ம சங்கத்துக்கு வேண்டாம். நாலு வருசமா வாங்கல, இந்த வருசமும் வாங்கமாட்டோம். நாளைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவ வச்சுக்கிட்டு என் உசுர வாங்காத, கேட்டியா.

— தாராவியில நம்ம ஊருக்காரன் எவன் செத்தாலும் சங்கத்து ஆளு வந்து தூக்குது. எங்க அப்பாவ மட்டும் ரெண்டு வடக்கத்திக்காரனுக்குக் கூலி குடுத்து ஹாத்காடியில, சரக்கு ஏத்துத கைவண்டியில தள்ளிக்கிட்டுப் போனேன். பின்னால நான் ஒருத்திதான் நடந்தேன். அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அன்னையிலருந்து அவ கேக்குதது ஒண்ணே ஒண்ணுதான் மாமா. 'என்னைய வண்டியில ஏத்திராத பேராச்சி, நான் மனுசத் தோள்ல போகணும்'ங்கா.

— உங்கப்பன் நல்ல மனுசன். எனக்கும் வருத்தந்தான். ஆனா அதுக்கு யாரு காரணம்? சக்கர பூட்ஸ மாட்டிக்கிட்டு, தொடை தெரியக் கவுனு போட்டுக்கிட்டு ஆடுனது உங்கப்பனா, நானா?

— அதே கவுனோட நான் கல்கத்தாவுல ஜெயிச்சு வந்த அன்னைக்கு, தாதர் ஸ்டேசன்லருந்து கொட்டடிச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு? கப்பத் தலையில வச்சுக்கிட்டு முன்னால ஆடுனது நீங்கதான மாமா?

— ஆமாட்டி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வேட்டி அவுந்ததுகூடத் தெரியாம ஆடுனாவ உங்க மாமா.

— ஏ வடிவு, உன்னை யாரு இப்பக் கேட்டா? உனக்கு அடுப்படியில வேலை இல்லியா?

— இருக்கு, இருக்கு. கை அரிசி பொடைக்குது, காது சும்மாதான இருக்கு. ஏட்டி பேராச்சி, ஒரு வாய் காப்பி தரட்டா? மூஞ்சி வெளிறிக் கெடக்கே.

— வேண்டாம் அத்தை.

— பாத்தியா வடிவு? குடுக்குத காப்பிக்கே இந்தத் திமிரு! அன்னைக்கும் இப்படித்தான். நாங்க என்ன குறை வச்சோம் இவளுக்கு? சக்கர பூட்ஸ் ஆடுத ரிங்க்குல கூட்டித் தொடைக்க அனுப்புன பிள்ள. அங்க இருந்த பார்சி டீச்சரம்மா கத்துக்குடுத்தா, கத்துக்கிட்டா. சரின்னோம். பம்பாயிலயே முதல்ல வந்தா. சரின்னோம். பேப்பர்ல வந்த போட்டோவ நானே வெட்டிக் கடையில ஒட்டுனேன். ஆனா ஊரான் வீட்டுப் பிள்ள கால ஒடிச்சுட்டு வந்து நின்னா பாரு...

— நான் ஒடிக்கல.

— இதத்தான் சொல்லுதேன்! சொல்லி முடிக்கதுக்குள்ள 'நான் ஒடிக்கல'.

— ஒடிக்காதவ வேற என்ன மாமா சொல்லணும்?

— அந்த மாட்டுங்காப் பொண்ணு, விஜயலக்ஷ்மி. அவ பூட்ஸுல சக்கரத்த முடுக்குனது யாரு?

— நாந்தான்.

— பந்தயத்துல அவளுக்கும் உனக்குந்தான போட்டி? எதிர்த்து ஆடுதவ பூட்ஸ நீ எதுக்குத் தொட்ட?

— அவ கேட்டா. தரை தொடைச்ச காலத்துலருந்து அங்க எல்லாப் பிள்ளைகளுக்கும் சக்கரம் முடுக்கி எண்ணெய் விட்டுக் குடுக்கது நாந்தான். நான் ஜெயிக்க ஆரம்பிச்ச பொறவும் அவ வேற யாருகிட்டயும் பூட்ஸக் குடுக்கமாட்டா. 'நீ முடுக்கினாத்தான்டி நேக்குத் தைரியமா இருக்கு'ம்பா. அன்னைக்கும் மடியில வச்சு முடுக்கிக் குடுத்தேன். எனக்கு முன்னால அவதான் எறங்குனா. ஒத்தக்கால்ல எட்டுப் போட்டுக்கிட்டிருந்தா மாமா. போட்ட கோட்டு மேலயே திரும்பத் திரும்பப் போகணும், ஒரு நூல் விலகக்கூடாது. ஜட்ஜுமாரெல்லாம் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்காவ. என்ன அழகு! என்னைய இன்னைக்குத் தோக்கடிச்சிருவான்னு நெனச்சேன். எனக்குக் கோவம்கூட வரல, சந்தோசமா இருந்துது. அப்பத்தான் சக்கரம் தனியாக் கழண்டு உருண்டு போச்சு.

— அந்தப் பிள்ள என்னட்டி சொல்லிச்சு? நீதான் செஞ்சன்னா சொன்னா?

— அவ ஒண்ணும் சொல்லல அத்தை. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். அவ அப்பா வாசல்லயே மறிச்சுக்கிட்டாரு. உள்ளருந்து 'பேராச்சியா வந்திருக்கா? அவளை உள்ள விடுங்கோப்பா'ன்னு அவ சத்தம் கேட்டுது. கதவைச் சாத்திட்டாவ. இப்ப கட்டை ஊனி நடக்கான்னு கேள்வி.

— அவ சொல்லலன்னா ஊரே சொல்லிச்சே! 'தாராவிப் பெண்ணின் வஞ்சகம்'னு தமிழ்ப் பேப்பர்காரன் கொட்டை எழுத்துல போட்டான். வேலைக்குப் போன இடத்துலல்லாம் நம்ம ஆளுகளப் பாத்து, நீயும் அந்தக் காலொடிச்சவ ஊருதானான்னு கேட்டானுவ. தலை நிமித்த முடிஞ்சுதா?

— போலீசே சாட்சி இல்லன்னு விட்டுட்டான். கிளப்புக்காரன் விடல, பேரை அடிச்சுட்டான். அவன் அந்நியன். நீங்க எதுக்கு விடல?

— விடணும்னுதான கூட்டத்தப் போட்டோம்? 'ஆமா, புத்தி கெட்டுப்போயிச் செஞ்சுட்டேன்'னு சபையில விழுந்து கும்பிட்டிருந்தா, அபராதத்தப் போட்டு, துன்னூறு பூசி அன்னைக்கே முடிச்சிருப்போம். குத்தத்த ஒத்துக்கிட்டவளுக்கு மன்னிப்பு உண்டு. இல்லவே இல்லங்கவள என்னன்னு மன்னிக்க? நீ என்ன செஞ்ச? 'என்னையக் கேக்க நீங்க யாரு'ன்னு முந்தானைய உதறிட்டுப் போன.

— கோவத்துல சொல்லிட்டேன் மாமா.

— அதோட நின்னியா? ஓட்டல்ல போயிக் குடிகாரனுவ முன்னால ஆடுன.

— ஆடுனேன். எனக்குத் தெரிஞ்ச தொழிலு அது ஒண்ணுதான? முதல்ல சினிமாவுல கதாநாயகிக்கு டூப்பாப் போனேன். மூஞ்சி தெரியக்கூடாதுன்னு முதுகையே எடுத்தான். பொறவுதான் ஓட்டலு. அங்க மைக்குல என் பேரைச் சொல்லமாட்டான். 'டாங் தோட்னேவாலி மதராசன்'ம்பான். காலொடிச்ச மதராசிக்காரின்னு. அதுக்குத்தான் கூட்டம். நான் எட்டுப் போட்டா ஒருத்தன் பாக்கமாட்டான், தடுக்குனா விசிலடிப்பான். ஒருநாள் முதலாளி வந்து, 'நீ தெனமும் ஒரு தடவை விழு, ஜனங்களுக்குப் பிடிக்குது'ன்னான். அன்னையோட பூட்ஸக் கழத்திட்டேன். இப்ப செம்பூருல மருந்து பாட்டல் கழுவுதேன். இன்னும் என்ன தெரியணும் உங்களுக்கு?

— போதும்ட்டி. என்னங்க, வெளிய எறங்குனா மதராசின்னு கல்லெறியுதான். நம்ம ஆளுகளே இவள ஒதுக்கி வச்சா இவ எங்கதான் போவா? வரிய வாங்குங்க.

— உனக்கு என்ன தெரியும் வடிவு? கோயில்ல காப்புக் கட்டியாச்சு. இவ அம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்கா. வரிய வாங்கிட்டா அது வரிக்கார வீடு. வரிக்கார வீட்டுச் சாவு ஊர்ச்சாவு. கொடைக்கு நடுவுல அவ கண்ண மூடிட்டான்னு வையி, கொட்ட நிப்பாட்டணும், கோயில அடைக்கணும். அத்தனை ஆம்பளையும் போயித் தூக்கிட்டுப்போயி, எரிச்சு, முழுகிட்டு வந்த பொறவுதான் அம்மனுக்குப் பொங்கல். ஊருலருந்து வில்லுப்பாட்டுக்காரன் வந்து எறங்கியிருக்கான். யாரு பதில் சொல்லுவா? ஏட்டி, நீயே சொல்லு, உங்கம்மா எப்படி இருக்கா?

— நேத்துப் பூரா முனங்கிக்கிட்டே கெடந்தா. இப்ப முனங்கல் இல்ல.

— வலி குறைஞ்சிருக்கா?

— வலி இல்ல மாமா.

— அப்படியா? அம்மன் கண்ணத் தொறந்துட்டா போலிருக்கு. அப்ப என்ன அவசரம்? கொடை முடியட்டும், வெள்ளிக்கிழமை கூட்டத்துல வச்சுப் பேசுவோம்.

— வெள்ளிக்கிழமை வேண்டாம். இப்ப வாங்குங்க.

— இப்பவே வாங்கணும்னா இப்பவே ஒத்துக்க.

— எத?

— எதன்னு தெரியாதா உனக்கு? இது நான் வச்ச தீர்ப்பு. 'செய்யல, செய்யல'ன்னு நிக்கவகிட்ட வரிய வாங்குனா, அப்ப சங்கத் தலைவன் தளவாய் இத்தனை வருசமா ஒரு குடும்பத்த அநியாயமா ஒதுக்கி வச்சானான்னு சின்னப் பயலுவகூடக் கேப்பானுவ. உங்கப்பன ஹாத்காடியில அனுப்புன பாவமும் என் தலையிலதான் விழும். அத என்னால சொமக்க முடியாதுட்டி.

— அப்ப அத நான் சொமக்கணுமா?

— நீதான் ஏற்கனவே சொமந்துக்கிட்டுத் திரியுதியே. உனக்குப் பழகிருச்சு. ஒரு வார்த்தைதான.

— மாமா, கப்ப வித்துட்டேன். பூட்ஸ வித்துட்டேன். கட்டிக்கிடுதேன்னு வந்தவனும் பேப்பரப் பாத்துட்டுப் போயிட்டான். 'நான் செய்யல'ங்க ஒரு வார்த்தைதான் என்கிட்ட மிச்சம். அதையும் பிடுங்குதியளே, இது நல்லாருக்கா?

— நான் பிடுங்கல. இஷ்டமில்லன்னா போ. யாரும் உன்னைய இழுத்துப் பிடிக்கல... என்ன, நின்னுக்கிட்டே இருக்க?

— நாந்தான் செஞ்சேன்.

— கொட்டுச் சத்தத்துல காதுல விழல. சத்தமாச் சொல்லு. வடிவு, இங்கன வா, நீயும் கேட்டுக்கோ. நாளைக்கு சாட்சி வேணும்.

— விஜயலக்ஷ்மி விழுந்ததுக்கு நாந்தான் காரணம். நான் ஜெயிக்கணும்னு செஞ்சேன்.

— எப்படிச் செஞ்ச?

— நட்டத் தளத்தி விட்டேன்.

— பேப்பர்ல ஆக்சா பிளேடால அறுத்துட்டான்னுல்லா போட்டிருந்தான்?

— அப்ப அறுத்தேன்னே வச்சுக்கிடுங்க மாமா.

— அய்யோ, போதும் விடுங்க! அவ செய்யலன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க மனசுல கைய வச்சுச் சொல்லுங்க.

— என் மனசு கெடக்கட்டும் வடிவு. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? ஒத்துக்கிட்டா, விட்டாச்சு. கொண்டாட்டி, வரியக் குடு.

— கையில வேண்டாம். படியில வைக்கேன், நீங்க எடுத்துக்கிடுங்க.

— இப்பத்தான் உனக்குப் பணிவே வந்திருக்கு. இது அன்னைக்கே வந்திருந்தா உங்கப்பனும் நல்லபடியாப் போயிருப்பான். சரி, எடுத்துட்டேன். போதுமா?

— வாங்கிட்டியளா?

— வாங்கிட்டேன்.

— அம்மன் மேல ஆணையாச் சொல்லுங்க. இப்ப எங்க வீடு வரிக்கார வீடுதான?

— இதுக்கு எதுக்குட்டி ஆணை? சரி, அம்மன் மேல ஆணை. இனி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு வரும், முன்னால நான் வருவேன். போ, போயிக் குளிச்சுட்டு ஏதாவது தின்னு. நாளைக்குப் பொங்கல் பொங்கும்போது உங்கம்மாவக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வையி. யாரு என்ன சொல்லுதான்னு நானும் பாக்கேன்.

— கொட்ட நிப்பாட்டச் சொல்லுங்க மாமா. அம்மா விடியக்காலமே போயிட்டா.