பகல் பன்னிரண்டு மணி முதல்

ஐயா, நான் நூலகர். ஒரு நாள் தாமதமாக வரும் புத்தகத்துக்குக்கூட அபராதம் வாங்கிவிடுவேன். சொந்த மைத்துனரிடமே வாங்கியிருக்கிறேன். ஆளே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கார் இன்ஷூரன்ஸ் தேதியெல்லாம் என் மனைவியின் பொறுப்பு. மகள் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போயிருந்ததில் நான்கு நாள் தவறிவிட்டது. எங்கள் தெருவுக்கெல்லாம் பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட் ஒருவர் உண்டு. யாருக்கு என்றைக்கு முடிகிறது என்று வீடு தேடி வந்து சொல்வதால் அவருக்கு ‘அலாரம்’ என்றே பெயர். மூன்று முறை போன் செய்தார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். நல்ல மனிதர், பேச்சுதான் கொஞ்சம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

“இன்ஷூரன்ஸ் இல்லாம வண்டிய எடுக்காதீங்க சார். போலீஸ் பிடிச்சா அபராதத்தோட போயிடும். யாரையாவது தட்டிட்டீங்கன்னா நஷ்டஈடு மொத்தமும் உங்க தலையிலதான். வீட்டை வித்துக் கொடுக்கணும், ஜெயில் வேற. ஊதுற சங்கை ஊதிட்டேன்.”

அது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பேச்சுதான் காரணம் என்பேன்.

பாலிசி விட்டுப்போனால் வண்டியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஷெட் வாசலில், காருக்குப் பின்னால் குனிந்து நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு நூலகத்தைத் திறக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்தேன்.

அது விபத்து. நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

காரை முன்னால் விட்டு, அவரை மெல்ல உள்ளே இழுத்து, ஷட்டரை இறக்கினேன். வெளியே நல்ல வெயில். தலைக்கு ஒரு குஷன் வைத்தேன். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. “சார், ஆம்புலன்ஸ்” என்றார். “இதோ” என்றேன். அவருடைய போனைக் கேட்டதும் தானே விரலை வைத்துத் திறந்து கொடுத்தார். ஆம்புலன்ஸுக்கு என்று நினைத்திருப்பார். என் விண்ணப்பத்தை முக்கால்வாசி நிரப்பி வைத்திருந்தார், பாவம். நம்பர் பிளேட்டும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. பணத்தைக் கட்டினேன். ‘பாலிசி இன்று பகல் பன்னிரண்டு மணி முதல் அமலுக்கு வரும்’ என்று வந்தது. அப்போது மணி ஒன்பது ஐம்பது.

நேரத்தை நானா வைத்தேன்?

நூலகத்துக்குப் போன் செய்து, வரத் தாமதமாகும் என்று முறைப்படி சொன்னேன். அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் மனைவி இரண்டு முறை அழைத்தார். அடிபட்டவரைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று சத்தத்தை நிறுத்தி வைத்தேன். பதினோரு மணிவாக்கில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

“பாலிசி எப்ப சார் ஆரம்பிக்குது?”

“பன்னிரண்டுக்கு.”

“இப்பவே கூப்பிடுங்க சார். பன்னிரண்டுக்கு மேலதான் அடிபட்டுச்சுன்னு நானே சொல்லிடறேன். சின்னப் பொண்ணு இருக்கா சார் எனக்கு.”

பொய் சொல்வது தப்பு என்றேன்.

பன்னிரண்டு ஆனதும், கடிகாரம் முன்னே பின்னே இருக்கலாம் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போகும் வழியில், பன்னிரண்டு நாற்பதுக்கு உயிர் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். எதிர்வீட்டுக் கேமராவில் எல்லாம் நேரத்தோடு பதிந்திருப்பதை நீங்களும் காட்டினீர்கள். பன்னிரண்டுக்குத்தான் இடித்தது என்று நான் முதலில் சொன்னது பதற்றத்தில் வந்த பிழை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கூப்பிட்டால் பிழைப்பார் என்று தெரிந்தும், இரண்டேகால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் சாகும்போது பாலிசி அமலில் இருந்தது. இந்த வயதில் எனக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம்.