நிறை ஐந்து, குறை ஒன்று

— பச்சை, மாப்ள, பச்சை! அடுத்தது மஞ்சள். அட, போச்சு.

— போகட்டும் மச்சான். ஆபீஸ்ல இந்தப் பாட்டுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குவேன். இன்னிக்கு எண்பதையே தாண்ட மாட்டேங்குது. உங்க சோபா நடுவுல கொஞ்சம் பள்ளமா இருக்கு.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஏங்க, எங்க அண்ணன் வீட்டு சோபாவைக் குறை சொல்லவா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் கிட்டாரைத் தூக்கிட்டு வந்தீங்க?

— குறை சொல்றதுதானே தங்கச்சி உன் வீட்டுக்காரருக்கு வேலை? அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க.

— குறை மட்டும் இல்ல மச்சான், நிறையும் எழுதணும். கேம் கம்பெனி சோதனைப் பிரிவுல நாங்க எட்டு பேர். எட்டு பேரும் ஆடிப் பார்ப்போம், எழுதறது நான். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அறிக்கை என் கையெழுத்தோட மேல போகணும்.

— அப்ப நிறையைப் படிங்க. கிட்டார் முழுக்க நான் வாசிச்ச கேம் ஆச்சே! நல்லதா நாலு வார்த்தை கேட்டுக்கறேன்.

— முறைப்படி வரிசையாப் படிக்கறேன். "முதலாவது நிறை: இசைக் கருவி எதையும் தொட்டறியாத ஒருவர், திரையில் மேலிருந்து இறங்கிவரும் வண்ண மணி கோட்டைத் தொடும் கணத்தில், அதே வண்ணப் பொத்தானை அழுத்தி விசையைத் தட்டினால் போதும், மூன்றே நிமிடங்களில் ஒரு பாட்டைத் தாமே வாசித்த மகிழ்ச்சியை அடைகிறார்."

— அப்பாடி! நடுவுல மூச்சு விட்டுக்கோங்க.

— சிரிக்காத தங்கச்சி, சரியாத்தான் எழுதியிருக்கார். எனக்கு முதல் பாட்டு உருப்படியா வர பதினோரு மாசம் ஆச்சு. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போய், சோத்துல கை வெச்சா எரியும். இவங்களுக்கு மூணு நிமிஷம். மகராசனா இருக்கட்டும்.

— "இரண்டாவது: இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்யப் பழகுகின்றன. மூன்றாவது: தயாரிப்புக் குறிப்பின்படி, ஆடுபவர் தவறினால் கிட்டார் ஒலி மட்டும் நின்றுபோகிறது, ஏனைய கருவிகள் தொடர்கின்றன. இதனால் ஒரு பாட்டில் கிட்டாரின் பங்கு என்ன என்பதை அவர் உணர்கிறார்."

— அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது மாப்ள. ஓட்டல்ல வாசிக்கறப்ப நான் பாதில நிறுத்தினாலும் ஒரு ஸ்பூன் சத்தம்கூட நிக்காது. நான் இல்லேன்னா என்ன குறையும்னு கண்டுபிடிச்ச முதல் ஆளு இந்த கேம்தான்.

— "நான்காவது, எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகிறது. ஐந்தாவது, குடும்பத்தில் இருவர் சேர்ந்து ஆடலாம்."

— குடும்பத்துல ரெண்டு பேர் சேர்ந்து ஆடறதா! கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமா பக்கெட்டைக்கூட சேர்ந்து தூக்கினதில்ல. சரி, குறைன்னு நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோங்க. மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம், ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம். அண்ணன் கம்பியைத் தொட்டா கொஞ்சலும் வரும், சண்டையும் வரும். இந்த டப்பால என்ன வருது?

— அதைக் குறைன்னு எழுத முடியாதும்மா. பொம்மைக் கருவியோட எல்லை அவ்வளவுதான். அதுக்குத் தனிப் பத்தி போட்டிருக்கேன். முறைப்படி குறைன்னு வர்றது ஒண்ணே ஒண்ணுதான்.

— அதையும் படிங்க மாப்ள.

— அது... மச்சான், அதுக்காகத்தான் வந்தேன். மேல போறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடணும்னு தோணுச்சு.

— என்னங்க, பூனை புழக்கடையைச் சுத்தற மாதிரி சுத்தறீங்க? படிங்க.

— "குறை: கிட்டார் வாசிப்பு தாளத்துக்குப் பின்தங்கி வருகிறது. இரண்டாம் பாகத்துக்கு வேறு கலைஞரை அமர்த்துமாறு பரிந்துரைக்கப்படுகிறது."

— இந்தக் கையாலதான் காலைல எங்க அண்ணன் வீட்ல காபி வாங்கிக் குடிச்சீங்களா?

— இரு தங்கச்சி. நல்லா எழுதியிருக்கீங்க மாப்ள. சுத்தி வளைக்காம இருக்கு.

— மன்னிச்சிடுங்க மச்சான். என் சொந்தக் கருத்து இல்ல. எனக்குத் தாளம்னா என்னன்னே தெரியாது, அது உங்களுக்கும் தெரியும். வெளியாளுங்க இருபது பேரை வரவழைச்சு, கீழ ஹால்ல ஆட விட்டுட்டு, நாங்க மேலயே இருந்தோம். பதினேழு பேர் "கிட்டார் பின்னால இழுக்குது"ன்னு எழுதிக் குடுத்தாங்க. நீங்க சொந்தக்காரர்ங்கறதுக்காக நான் அதை மறைச்சா, நாளைக்கு யாரும் என் கையெழுத்தை மதிக்க மாட்டாங்க.

— மறைக்கவே வேண்டாம். நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே எனக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப நீங்க ஆடறப்ப கேட்டுட்டுத்தானே இருந்தேன்? டிரம் ஒரு பக்கம் போகுது, நான் அது பின்னாலயே செருப்பைத் தேடிட்டு ஓடி வர்றேன். வாசிச்சது நான்தான். என் கை எனக்குத் தெரியாதா?

— அண்ணா, உளறாத!

— உளறலம்மா. வயசு அம்பத்திமூணு. கை தளர்ந்தா முதல்ல தெரியறது மத்தவங்களுக்குத்தான். வாசிக்கறவனுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க.

— ரெண்டாம் பாகம் நாப்பது பாட்டு. ஒரு வருஷ வேலை. அப்படியே விட்டுடுவியா?

— அது போனாப் போகட்டும். தாளமே போனப்புறம் எந்த முகத்தோட ஓட்டல் மேடைல உக்கார்றது? கூட வாசிக்கறவங்க நல்லவங்க, சொல்ல மாட்டாங்க. நானே இன்னிக்குச் சாயங்காலம் போய்ச் சொல்லிட்டு நின்னுக்கறேன். கிட்டார்ப் பெட்டியை மேல ஏத்திட வேண்டியதுதான். மாப்ள, ஏணி பிடிக்கறீங்களா?

— அப்படியெல்லாம் பேசாதீங்க மச்சான். எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

— இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்! நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. பதிவு நடந்த அன்னிக்கு அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டேன். டிரம் அடி விழற இடத்துல அண்ணன் அடியும் ஆணி அடிச்ச மாதிரி விழுந்துச்சு. அங்க நேரா இருந்தது இங்க எப்படிக் கோணலாச்சு?

— தங்கச்சி காதும்மா அது. அப்படித்தான் கேக்கும்.

— நீ சும்மா இருண்ணா. என்னங்க, பதிவு முடிஞ்சப்புறம் அது யார் கைக்குப் போச்சு?

— வேற ஊர்ல ஒரு பிரிவு இருக்கு. கிட்டார் தனியா, மத்தது தனியா அவங்களுக்குப் போகும். ரெண்டையும் கேம்ல ஏத்தி எங்களுக்கு அனுப்புவாங்க.

— தனித்தனியா ஏத்தறப்ப கிட்டார் மட்டும் ஒரு நூல் தள்ளி உக்காந்திருந்தா?

— நியாயமான கேள்வி. நானும் யோசிக்காம இல்ல. ஆனா அந்த மாதிரித் தப்பைப் பிடிக்கத்தானேம்மா நாங்க இருக்கோம்? மூணு மாசம், எட்டு பேர், முப்பது பாட்டு. ஒவ்வொண்ணையும் நூறு தடவைக்குக் குறையாம ஆடியிருக்கோம். மணி விழ வேண்டிய இடத்துலதான் விழுது. தட்டினா ஸ்கோர் ஏறுது, தப்பினா இறங்குது. ஒரு இடம்கூட பிசகல. கேம்ல தப்பு இல்லேன்னா, முறைப்படி, மிச்சம் இருக்கறது வாசிப்புதான்.

— எட்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா?

— வரல.

— விடு தங்கச்சி. அவர் பொய் சொல்ற ஆளு இல்ல. எட்டு ஜோடிக் காதை ஏமாத்த முடியாது. மாப்ள, கையெழுத்துப் போட்டுடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஒரே ஒரு உதவி வேணும்.

— சொல்லுங்க மச்சான், எதுவானாலும்.

— பெட்டியை ஏத்தறதுக்கு முன்னாடி என் தப்பு எங்கேன்னு தெரிஞ்சுக்கணும். வேகமான இடத்துல இழுக்கறேனா, மெதுவான இடத்துல இழுக்கறேனா? விரல் தளர்ச்சியா, மணிக்கட்டா? நூறு தடவை கேட்டவங்க நீங்க. எந்தப் பாட்டுல எந்த இடத்துல உங்க காதுக்கு ரொம்ப மோசமா இருந்துச்சு? கூச்சப்படாமச் சொல்லுங்க.

— காதுக்கா?

— ஆமா. நீங்க எட்டு பேரும் கேட்டதுலயே ரொம்ப மோசமான இடம்.

— கேட்டதுல... மச்சான், ஒரு நிமிஷம்... ஒரே ரூம்ல எட்டு டிவி, எட்டுலயும் வேற வேற பாட்டு, பக்கத்துல கணக்குப் பிரிவு; அவங்க சண்டைக்கு வந்ததால முதல் நாளே எல்லா டிவியிலயும் சத்தத்தை நிறுத்திட்டோம்... நீங்க வாசிச்சதை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கேக்கறேன்.