சத்தம் போடாத கார்

"சத்தமே போடாத கார் நமக்கு எதுக்குங்க?"

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவனிடம் இப்படிக் கேட்டாள். அவன் கையிலிருந்த போனில் ஒரு வெள்ளைக் கார் பளபளத்தது.

"ஹைபிரிட்டு புள்ள. பழைய காருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. லீசிங் போட்டா நாளைக்கே எடுத்துறலாம்."

"அப்புறம் அஞ்சு வருசம் கட்டணும். காலையில பாத்த நீலக் காருக்குக் கையில இருக்குற காசே போதும்."

"அது ஏத்தத்துல லொறி மாதிரி உறுமுதே!"

"உறுமட்டும். நம்ம ரெண்டு குடும்பத்துலயும் இதுதான் மொதக் கார். பூன மாதிரி வந்து நின்னா யாருக்குத் தெரியும்? நீலக் கார் கோயில் வளைவுல திரும்பயிலயே தோட்டத்து லயத்து வீட்டுச் சனம் பூரா வாசலுக்கு வந்துரும். நம்மகூடப் பேசாத மதினிகூட எட்டிப் பாப்பாங்க."

எனக்கே அந்த நீலக் காரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"சரி, நீலத்தையே எடுப்போம். ஏத்தத்துல நின்னு போச்சுன்னா?"

"அதான் எல்லாரும் வெளிய நிப்பாங்களே, தள்ள மாட்டாங்களா?"